சூடேறிய பின் உதறும் வண்டி: செலவு செய்யும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

திருப்போரூர், கேளம்பாக்கம் வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்குத் தென்சென்னை கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சந்தை. அடையாறு, மயிலாப்பூர், தியாகராயநகர் கடைகளுக்குக் காலையிலேயே கீரைக்கட்டு போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் கீரை வாடும். வாடிய கீரைக்குக் கடைக்காரர் சொல்வதுதான் விலை. ஆகவே கீரை போடும் விவசாயிக்கு வண்டி வழியில் நின்றால், அன்றைய அறுவடையே நஷ்டம்.

திருப்போரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பழைய பெட்ரோல் ஆம்னி வண்டி வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் வண்டி உடனே கிளம்புகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. திருவான்மியூர் சிக்னலில் நின்றதும் லேசாக உதறுகிறது. அடையாறு வந்தபோது கண்ணாடியும் கதவும் கடகடக்கின்றன. மயிலாப்பூர் லஸ் முனையில் என்ஜின் நின்றே விடுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே தெற்கு மாட வீதி போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

பட்டறையில் காட்டினால், "என்ஜின் தேஞ்சு போச்சு அண்ணே, இறக்கி வேலை பார்த்தாத்தான் சரியாகும்" என்று பதில் வருகிறது. என்ஜினை இறக்கி வேலை பார்ப்பதென்றால் ஒரு போகத்து லாபம் அதிலேயே போய்விடும். உண்மையில் குறை ஒரு சாண் ரப்பர் குழாயிலும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதற்கு முறை இருக்கிறது. பெரும்பாலான சோதனைகளை விவசாயியே செய்து பார்க்கலாம்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

மாருதி வேன் 1984-ல் விற்பனைக்கு வந்தது. 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறியது. 2019-ல் உற்பத்தி நின்றது. 796 சி.சி. அளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின், முன் ஸீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. பழைய ஆம்னிகளில் கார்ப்பரேட்டர் உண்டு. பிற்கால வண்டிகளில் கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் முறை வந்தது. இங்கே சொல்லப்படுபவை கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கு உரியவை. அம்பாசடர், பத்மினி போன்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கும் இவை பொருந்தும். டீசல் வண்டிகளுக்கு வேறு முறை.

மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு இயல்பாகவே ஒரு சிறு அதிர்வு உண்டு. அது ஒரே சீராக இருந்தால் குறை அல்ல. இடையிடையே தாளம் தப்பி உலுக்கினால்தான் குறை. வண்டி நிற்கும்போது என்ஜின் நிமிஷத்திற்குச் சுமார் 900 சுற்று சுற்றுகிறது என்று கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் 450 தடவை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அதனால்தான் ஆம்னியில் உதறல் அவ்வளவு கடுமையாகத் தெரிகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பயிர் மஞ்சளானால் உடனே யூரியா போடுகிறவர் உண்டு. அனுபவம் உள்ள விவசாயி அப்படிச் செய்வதில்லை. அடி இலையா, நுனி இலையா, வயலில் தண்ணீர் தேங்கியதா, துத்தநாகப் பற்றாக்குறையா என்று பார்த்த பிறகே கை வைப்பார். என்ஜினுக்கும் அதுவே முறை. உதறுகிறது என்றவுடன் கார்ப்பரேட்டர் திருகைத் திருப்புவது, மஞ்சளான பயிருக்கெல்லாம் யூரியா போடுவதைப் போன்றது.

எனவே எப்போது உதறுகிறது என்பதை இரண்டு மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குளிர்ந்த நிலையிலும் சூட்டிலும் உதறினால் பிளக், பிளக் ஒயர், அல்லது அழுத்தம் குறைந்த சிலிண்டர் மீது சந்தேகம் கொள்ளலாம்.

சூடான பின், நிற்கும்போது மட்டும் உதறி, ஓடும்போது சரியாக இருந்தால், காற்றுக் கசிவு, ஸ்லோ ஜெட் அடைப்பு, வால்வு இடைவெளிக் குறைவு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

சூடான பின் ஓடும்போதும் வெட்டி வெட்டி இழுத்தால் காயில், கண்டென்சர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வெயிலில் பத்துப் பதினைந்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி கிளப்பும்போது மட்டும் தகராறு செய்தால், சூட்டில் பெட்ரோல் ஆவியாவதே காரணமாக இருக்கலாம்.

என்ஜின் சத்தம் சீராக இருந்தும் வண்டி மட்டும் அதிர்ந்தால், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கலாம்.

சூடேறிய பின் ஏன்?

குளிர்ந்த என்ஜினுக்குச் சோக் மூலம் அதிகப் பெட்ரோல் போகிறது. எங்கேனும் காற்று கசிந்து உள்ளே போனாலும், அந்த அதிகப் பெட்ரோல் குறையை மூடி மறைத்துவிடும். சூடேறிச் சோக்கைத் தள்ளியதும் பெட்ரோல் அளவு குறைகிறது. மறைந்திருந்த குறை வெளியே வருகிறது. அதனால்தான் காலையில் நல்ல பிள்ளையாகக் கிளம்பும் வண்டி அடையாறு வந்ததும் அடம்பிடிக்கிறது.

சோக் முழுவதும் திரும்பாமல் பாதியில் சிக்கிக்கொண்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். கம்பியைத் தள்ளியபின் கார்ப்பரேட்டர் வாயிலுள்ள தகடு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

சோதனைக்கு முன் எச்சரிக்கை

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிரைப் பறிக்கும். தோள் துண்டை எடுத்து வைத்துவிட வேண்டும். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சுற்றும் பெல்ட்டிடம் விளையாட்டு கூடாது.

காற்றுக் கசிவு

கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் ஓர் இணைப்பு காற்றை இழுத்தால், மோட்டார் ஓடியும் தண்ணீர் சரியாக ஏறாது. என்ஜினும் அப்படித்தான். வண்டி நிற்கும்போது கார்ப்பரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. பிஸ்டன்கள் இழுக்கும் இழுப்பால் மேனிபோல்டு குழாயில் பலமான உறிஞ்சல் உண்டாகிறது. ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே காற்று புகுந்து, பெட்ரோல் கலவையை நீர்க்கச் செய்கிறது. ஓடும்போது ஏராளமான காற்று போவதால் இந்தச் சிறு கசிவு தெரிவதில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள்: கார்ப்பரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் இடையிலுள்ள பேக்கிங், மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் இடம், மேனிபோல்டிலிருந்து போகும் சிறு ரப்பர் குழாய்கள், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதற்குப் போகும் தடித்த குழாய்.

என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சிறு குழாயாக விரலால் அழுத்தி மடித்துப் பார்க்கலாம். எதை மடித்ததும் உதறல் குறைகிறதோ, அந்த வழியில் கசிவு உள்ளது. இணைப்புகளில் சோப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடலாம். நீர் உள்ளே இழுக்கப்பட்டு என்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பிளக் ஒயர் பக்கம் நீர் படக் கூடாது. சில இடங்களில் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கும். ஒருபோதும் செய்யக் கூடாது.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில், என்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மிதித்திருக்கும் நேரம் முழுவதும் உதறல் அதிகமானால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கசிவு இருக்கலாம். இதை உடனே பழுது பார்க்க வேண்டும். இது உதறல் மட்டும் அல்ல, பிரேக்கும் கடினமாகிவிடும்.

எந்தச் சிலிண்டர்?

புகைக் குழாயின் வாயிலிருந்து இரண்டு விரற்கடைத் தூரத்தில் ஒரு துண்டுச் செய்தித்தாளைப் பிடிக்க வேண்டும். காகிதம் சீராக வெளியே தள்ளப்பட்டால் எல்லாச் சிலிண்டரும் வேலை செய்கின்றன. ஒழுங்கான இடைவெளியில் தள்ளல் விட்டுப்போனால் ஒரு சிலிண்டர் எரியவில்லை. காகிதம் அவ்வப்போது உள்ளே இழுக்கப்பட்டால், புகை வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

எரியாத சிலிண்டரைக் கண்டுபிடிக்க, என்ஜினை நிறுத்தி ஒரு பிளக் ஒயரைக் கழற்ற வேண்டும். அந்த ஒயரில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் இரும்புப் பகுதி என்ஜினில் படும்படி கட்டி வைத்து மறுபடி கிளப்ப வேண்டும். உதறல் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. வித்தியாசமே தெரியாவிட்டால் குறை அதில்தான். ஓடும் என்ஜினில் வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கினால் பலமான மின் அதிர்ச்சி உண்டாகும்.

குறையுள்ள சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். குறையும் கூடவே மாறினால் புதுப் பிளக் ஒன்று போதும். அங்கேயே நின்றால் ஒயர், வால்வு, அழுத்தம் என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

பிளக்கின் நிறமும் செய்தி சொல்லும். பிஸ்கட் நிறம் என்றால் எரிப்பு சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அம்பாசடரில் பிளக் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி ஆயிரத்தில் 15 பங்கு அளவில் வைப்பது வழக்கம். மற்ற வண்டிகளுக்கு அந்தந்தக் கையேட்டில் உள்ள அளவே சரி.

வால்வு இடைவெளி

சூட்டில் இரும்பு நீளும். அதற்காகவே வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி குறைந்துபோனால், குளிர்ந்தபோது வால்வு மூடும், சூடான பின் முழுவதும் மூடாது. அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடும். காலையில் சரியாகவும் சூட்டில் மோசமாகவும் இருக்க இதுவும் ஒரு முக்கியக் காரணம். இடைவெளி அதிகமானால் டக் டக் என்று சத்தம் கேட்கும். குறைந்தால் சத்தமே இராது. ஆகவே சத்தம் இல்லாததால் வால்வு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

பழைய அம்பாசடர் போன்ற இரும்பு ஹெட் உள்ள என்ஜின்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. உடல்நலத்துக்கு அது மிகவும் நல்லது. ஆனால் பழைய ஹெட்டுகளில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்து இடைவெளி குறைகிறது. கையேட்டில் குளிர்ந்த நிலை அளவு, சூட்டு நிலை அளவு என்று எது கொடுக்கப்பட்டிருக்கிறதோ அந்த நிலையிலேயே ஃபீலர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும்.

காயிலும் கண்டென்சரும்

குளிர்ந்தபோது நன்றாக இருந்து, சூடானதும் பொறி பலவீனமாவது இவற்றின் குணம். குறை தெரியும் நேரத்திலேயே சோதித்தால்தான் அகப்படும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் ஆறிவிட்டால் எல்லாம் சரியாகவே தோன்றும். நன்றாக வேலை செய்யும் வேறு கண்டென்சரை மாற்றிப் போட்டு அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பது எளிய வழி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை வெடிப்பு, கரிக்கோடு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வெயிலும் பெட்ரோலும்

பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். தியாகராயநகர் உஸ்மான் சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, வெயிலில் நிறுத்தி மூட்டை இறக்கும் வண்டியின் என்ஜின் அறையில் சூடு அதைவிட மிக அதிகம். ஆம்னியில் என்ஜின் ஸீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடு வெளியேறுவதும் தாமதம். கார்ப்பரேட்டரில் உள்ள பெட்ரோல் கொதித்து வழிந்து, மறுபடி கிளப்பும்போது உதறும். நிழலில் நிறுத்துவது, மூட்டை இறக்கும் நேரத்தில் ஸீட்டைத் தூக்கிவைப்பது, பெட்ரோல் குழாய் சைலன்ஸர் குழாயைத் தொடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை போதும். ரேடியேட்டர் தண்ணீரும் விசிறியும் சரியாக உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவதால் விவசாயிக்கு எத்தனால் வேண்டாத பொருள் அல்ல. ஆனால் பழைய வண்டிக்கு இரண்டு கவனம் தேவை.

ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கலவைக்கு ஏறக்குறைய 13.5 கிலோ. பழைய கார்ப்பரேட்டரின் ஜெட் துளை சுத்தப் பெட்ரோலுக்காக அமைந்தது. அதற்கு இதை அறிந்து மாற்றிக்கொள்ளத் தெரியாது. ஆகவே காற்று மிகுந்து, ஸ்லோவில் உதறல் கூடலாம். அடுத்து, எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் செய்யும், தொட்டியில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். அந்த அழுக்கு ஸ்லோ ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, எத்தனாலைத் தாங்கும் புது ரப்பர் குழாய்களைப் போட்டுக்கொள்வது நல்லது. எத்தனால் நீரை இழுக்கும். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் தொட்டியில் பாதியளவாகப் பெட்ரோல் வைத்திருக்கக் கூடாது.

கார்ப்பரேட்டர் கடைசியில்

மேலே சொன்னவை எல்லாம் சரியான பிறகுதான் கார்ப்பரேட்டரைத் தொட வேண்டும். முதலில் கலவைத் திருகு எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். சூடான என்ஜினில் திருகை மெல்ல மூடினால் என்ஜின் தடுமாற வேண்டும், திறந்தால் தேற வேண்டும். முழுவதும் மூடியும் மாற்றமே இல்லை என்றால் ஸ்லோ ஜெட் அடைந்திருக்கிறது, அல்லது ஸ்லோ திருகை யாரோ அளவுக்கு மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஜெட்டைக் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

பல இடங்களில் உதறலுக்கு வைத்தியம் என்று ஸ்லோவைத் தூக்கி விடுகிறார்கள். என்ஜின் வேகமாகச் சுற்றுவதால் உதறல் மறையும், நோய் அப்படியே இருக்கும். பெட்ரோல் செலவு கூடும். கியர் போடும்போது உறுமும், கிளட்ச் தேயும்.

புகைச் சோதனைச் சீட்டு

பெட்ரோல் பங்குகளில் எடுக்கும் புகைச் சோதனைச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிடாமல் படித்துப் பார்க்க வேண்டும். என்ஜின் ஸ்லோவில் நிற்கும்போதுதான் அந்த அளவு எடுக்கப்படுகிறது. பாரத் ஸ்டேஜ்-2-க்கு முந்திய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்கும் உச்ச வரம்பு. முதல் எண் அதிகமானால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. முதல் எண் குறைந்து இரண்டாவது மட்டும் ஏறினால், ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் பெட்ரோலை வெளியே தள்ளுகிறது. சூடான நிலையில் எடுத்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும்.

என்ஜினை இறக்க வேண்டுமா?

இதை வாய்ச்சொல்லால் முடிவு செய்யக் கூடாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துச் சூடான என்ஜினில் எல்லாச் சிலிண்டரையும் அளந்து, எண்களை எழுதி வாங்க வேண்டும். எல்லாம் நெருக்கமாக இருந்தால் என்ஜினை இறக்க அவசரம் இல்லை. ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

எடுத்துக்காட்டில் சொன்ன விவசாயி இந்த முறைப்படி போனால், அவர் முதல் நாளே தொட்டுப் பார்ப்பது ரப்பர் குழாய்களை. வெடித்த குழாய் ஒன்று அகப்பட்டால், அந்தத் துண்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குப் போகலாம். பழைய பாகம் வேண்டுமானால் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் ரப்பர், பேக்கிங், பிளக், கண்டென்சர் ஆகியவற்றைப் பழையதாக வாங்கக் கூடாது.

வரிசை இதுதான்:

1. எப்போது உதறுகிறது என்று குறித்தல்.
2. சோக், ரப்பர் குழாய், பேக்கிங்.
3. பிளக், ஒயர்.
4. பாயிண்ட், கண்டென்சர், காயில்.
5. வால்வு இடைவெளி.
6. ஃபில்டர், ஸ்லோ ஜெட், கலவைத் திருகு.
7. கம்ப்ரஷன் அளவு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, வண்டியை அதே பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது, மறுபடி வந்தாலும் தெரியாது. விதை, உரக் கணக்கு எழுதும் நோட்டிலேயே வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போவது நல்லது.